பான் கார்டு கேட்டு இறால் செத்த விவரம்

மணமேல்குடி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய சகலை கோபிநாத் அவர்களுக்கு,

நல்லதம்பி எழுதுவது. இங்கு நானும் அமுதவல்லியும், இரண்டு இறால் குட்டைகளில் ஒன்றும் நலம். அங்கு புதுக்கோட்டையில் நீங்களும் உங்கள் ஆடிட்டர் ஆபீஸும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவருடைய பான் எண்ணோடு கணக்குக் காட்ட வேண்டும் என்று போன மாதம் போனில் சொன்னீர்கள். எனக்கு ஒப்பந்தக்காரர் யார்? பதினோரு வருடமாகப் பன்னிரண்டு ஆட்களோடு வந்து வலை இழுத்து இறால் பிடித்துத் தரும் இருளாண்டிதான். அமுதவல்லியைப் பாம்பு கடித்த அன்று தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர்.

அவரிடம் போய், "பான் கார்டு இருக்காண்ணே? இல்லேன்னா நூத்துக்கு இருவது பிடிக்கணுமாம்" என்றேன்.

டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "இத்தன வருசமா என் மூஞ்சியப் பாத்துக் குடுத்தீங்க. இனி அட்டையப் பாத்துத்தான் குடுப்பீங்களோ? வேற ஆளப் பாத்துக்கங்க."

போன சனிக்கிழமை வரும்படி வியாபாரியிடம் முன்பே சொல்லியாயிற்று. வேறு ஆள் கிடைக்காமல் நானும் அமுதவல்லியும் அவள் தம்பிகள் இருவரும் குட்டையில் இறங்கி, ஈயக்குண்டு மேலேயும் மிதவை கீழேயுமாக வலையைப் போட்டு, பெரியவன் இடுப்புவரை சேற்றில் புதைந்து, அவனை இழுக்கப் போன சின்னவன் பிடிமானத்துக்கு மதகுப் பலகையைப் பிடித்து அதை உருவிவிட்டு, பாதி இறால் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய், மீதி ஐஸ் போடத் தெரியாமல் வெயிலில் நாறி, வந்த வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டார். அமுதவல்லி கரையில் உட்கார்ந்து அழுதாள், இறாலுக்காக இல்லை. "அந்த மனுசன்கிட்டப் போயி அட்டை கேட்டீங்களே" என்றுதான்.

சட்டம் சட்டந்தான், ஒத்துக்கிறேன். அத நீங்க வந்து அவருகிட்ட பக்குவமாச் சொல்லியிருக்கலாமுல்ல? இனிமே இங்கிட்டு வராதீங்க.

தங்கள் பிள்ளைகளை மட்டும் வாழ்த்தும்,
நல்லதம்பி.

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் வாட்ஸ்அப் வந்தது. போன வருடம் என் விற்பனை ஒரு கோடியைத் தொடாததால் நான் வரி பிடிக்கவே வேண்டியதில்லையாம், வேறு யாருடைய ஃபைலையோ பார்த்துச் சொல்லிவிட்டீர்களாம். உடனே இருளாண்டி வீட்டுக்கு ஓடி, "அட்டை வேணாண்ணே" என்றேன்.

"எடுத்துட்டேனே. பக்கத்துப் பண்ணைக்காரரு கேட்டாரு, குடுத்துட்டேன். இனி அங்கதான் வேலை."

"நான் கேட்டப்ப மட்டும் கோவிச்சுக்கிட்டீங்களேண்ணே?"

"அவரு யாரோ எவரோ, கேக்கலாம். நீங்க கேக்கலாமா?"