காயில்காரர் தோண்டிய குழிகள்

"ஒரு சத்தமும் வரலையே! உன் தம்பி கொடுத்த மிஷின் செத்துப்போச்சு" என்றார் காயில்காரர் மனைவியிடம்.

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிச் சுற்றியே தலை நரைத்தவர் அவர். அன்று காலை வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்தும்போது, மனைவியின் கல்யாண மோதிரம் விரலிலிருந்து நழுவி எங்கேயோ விழுந்துவிட்டதாம். மோதிரம் லூசாக இருக்கிறது, இறுக்கி வாங்கி வாருங்கள் என்று அவளும் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். இவர்தான் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. "போனது போகட்டும், விடுங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். அதுதான் அவரைக் குடைந்தது. எப்படியாவது கண்டுபிடித்துவிடுவது என்று, மச்சினன் தன் கையாலேயே செய்த மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கி வந்திருந்தார்.

கம்பின் நுனியில் இருந்த மரத் தட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு கம்பி வளையங்கள், ஒன்றின் ஓரத்தில் மற்றொன்று ஏறி, கோணல்மாணலாகக் கிடந்தன. அவருக்கு ரத்தம் கொதித்தது.

"இது வைண்டிங்கா? என் பட்டறையில எவனாவது இப்படிச் செஞ்சிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்!"

வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சுப் பிசகாமல் அடுக்கி, நூலால் கட்டி, வார்னிஷும் பூசினார். சுவிட்சைப் போட்டதும் மிஷின் வீல் என்று கத்தியது.

"பாத்தியா? நான் கை வச்சதும் உயிர் வந்துடுச்சு!"

"ஆமாங்க! அங்கேயே தோண்டுங்க" என்று மனைவி மண்வெட்டியை நீட்டினாள்.

முழங்கால் ஆழம் தோண்டினார். ஒரு துருப்பிடித்த ஆணிகூட இல்லை. கொஞ்சம் தள்ளிக் காட்டினார். அங்கேயும் கத்தியது. தோண்டினார். இன்னும் தள்ளிப் போனார். அங்கேயும் அதே கதைதான்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுப்பது அவர் வழக்கம். இங்கேயும் மாற்றினார். இப்போது வானத்தைப் பார்த்துப் பிடித்தாலும் ஊளையிட்டது.

"மேல ஏதாவது விமானம் போகும். நீங்க கீழ தோண்டுங்க" என்றாள் மனைவி.

பாதி இடம் குழியாகி, இடுப்பு கழன்றுவிடும்போல் ஆனதும், மானத்தை விட்டு மச்சினனுக்கு போன் போட்டார்.

"நேரா அடுக்கிட்டீங்களா மாமா? போச்சு போங்க! ஒரு காயில் பேசும், இன்னொண்ணு கேக்கும். பேசுறது காதுல விழாம இருக்கத்தான் கோணலா ஏத்தி வச்சிருக்கேன். பக்கத்துல உலோகம் வந்தா மட்டும்தான் கேக்கணும். மெதுவா நகத்திப் பாருங்க, சத்தம் அடங்குற இடம்தான் சரியான இடம்."

"பேசுறது காதுல விழாம உக்காரணும், அவ்வளவுதானே? வீட்டுல எனக்கு அது பழக்கம்தான்."

காயாத வார்னிஷ் கையெல்லாம் பிசுபிசுக்க, வளையங்களைப் பழைய கோணலுக்கே கொண்டுவந்தார். மயிரிழை நகர்த்தினார். சத்தம் அடங்கியது. கரண்டியைக் காட்டினால் கத்தியது, எடுத்தால் கப்சிப். அப்படியானால் காலையிலும் மிஷின் நன்றாகத்தான் இருந்திருக்கிறது! வெட்கமாக இருந்தாலும், சூட்சுமம் புரிந்ததில் குழந்தைபோல் சிரித்தார்.

மனைவிக்குத்தான் முகம் வாடிவிட்டது. "கத்திக்கிட்டு இருந்தப்பவே நல்லா இருந்துச்சு" என்றாள்.

குழிகளுக்கு நடுவே கால் வைத்து ஓர் அங்குலம் விடாமல் அலசினார். மிஷின் வாயே திறக்கவில்லை. மனைவியைத் தாண்டும்போது மட்டும் வீல் என்றது.

"இடுப்புல சாவிக்கொத்து இருக்குங்க" என்று அவள் சட்டென்று விலகிக்கொண்டாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் என் சோம்பேறித்தனத்தால வந்தது. மன்னிச்சுடும்மா. மிஷின் என்ன சொன்னாலும் சரி, மிச்ச இடத்தையும் தோண்டிப் பாத்துடுறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மண்வெட்டியைப் பார்த்து, அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சுவர் ஓரம்வரை தோண்டி முடித்து அவர் நிமிர்ந்தபோது, இரண்டு கைகளிலும் பூச்செடித் தொட்டிகளோடு நர்சரிக்காரர் உள்ளே வந்தார். குழிகளைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"பரவாயில்லையே சார்! ஞாயித்துக்கிழமை சாயங்காலம் செடி கொண்டு வாங்க, அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் எல்லாக் குழியும் தோண்டி வச்சிடுவாருன்னு அம்மா போன வாரமே சொன்னாங்க, நான்தான் நம்பலை!"