கீழ்பென்னாத்தூரைத் தாண்டிப் போன தாலி

திக்குவாய்க்காரனுக்கு உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, நான் ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்தது பஸ் கண்டக்டர் வேலையில். இருபத்திரண்டு வயதில் என் கணக்கு சுலபமாக இருந்தது. கண்டக்டருக்கு எதற்கு வாய்? ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். (விசில் திக்காது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.)

முதலாளி கேட்டதற்கெல்லாம் பவ்யமாகத் தலையை மட்டும் ஆட்டினேன். "ஜாஸ்தி பேசாத கண்டக்டர் கெடைக்கிறதே கஷ்டம். நாளைக்கே வந்துடுப்பா" என்றார்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் தனியார் பஸ். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், வைகாசி முகூர்த்த நாள். டிரைவர் ஏழுமலை அண்ணன், ஊதுபத்தி கொளுத்தி வண்டியை எடுத்தார். பட்டுப்புடவையில் ஒரு அக்கா ஏறி, மடியில் மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"தம்பி, கீழ்பென்னாத்தூர் வந்தா சொல்லுப்பா. எனக்கு இந்தப் பக்கம் புதுசு. என் கூடப்பொறந்த தம்பிக்குக் கல்யாணம். அண்ணாமலையார் காலடியில தாலிய வச்சு அர்ச்சன பண்ணி எடுத்துக்கினு போறேன். எல்லாரும் நேத்தே போய்ட்டாங்க."

தலையை ஆட்டினேன்.

கீழ்பென்னாத்தூர் வந்தது. பஸ் நின்றது. ஊர் தெரிந்தவர்கள் இறங்கினார்கள். நான் அந்த அக்காவைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"கீ... கீ... கீ..."

பின் சீட்டில் யாரோ, "கோழிக்குஞ்சு ஏத்திருக்காங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. விஷயம் புரியாமல் அந்த அக்காவும் சிரித்தார்.

"இன்னாப்பா, போலாமா?" என்று ஏழுமலை அண்ணன் குரல் கொடுத்தார். 'இல்லை' என்று சொல்ல வேண்டியதுதானே? அவமானத்தில் காது சுட, சொல்ல வராத வாயில் விசிலை வைத்து இரண்டு முறை ஊதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கோழைத்தனமான காரியம் அந்த இரண்டு விசில்தான்.

மூன்று கிலோமீட்டர் தாண்டி, இரு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலைதான்) மட்டுமே தெரிந்த இடத்தில், பீரங்கி வெடித்த மாதிரி என் வாயிலிருந்து வந்தது: "கீழ்பென்னாத்தூர்!"

அக்கா எழுந்து எட்டிப் பார்த்தார். "மண்டபம் எங்கப்பா?"

அழுதுவிட்டேன். அழுகையும் திக்கித் திக்கித்தான் வந்தது. அதற்குள் யாரோ விஷயத்தை உடைக்க, அக்காவுக்கு முகம் வெளுத்துப் போனது. "ஐயோ, ஒம்போதுக்குள்ள தாலி கட்டணுமே! வாயில இன்னாத்த வச்சிருந்தே நீ?"

முன் சீட்டில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் எழுந்தார். "வண்டியத் திருப்புங்க டிரைவரே. ஒரு நாள் பெல்லு லேட்டா அடிச்சா ஒண்ணும் ஆவாது."

"திருப்புங்க, திருப்புங்க" என்றது மொத்த பஸ்ஸும். அந்தக் குறுகலான ரோட்டில் பஸ்ஸைத் திருப்ப, பத்துப் பேர் இறங்கி வழிகாட்டினார்கள். நான் படிக்கட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அக்கா எழுந்து வந்து, மஞ்சள் பையிலிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் பூசினார். "அழுவாத. தாலி இன்னும் என் கையிலதான இருக்கு."

பத்து நிமிஷம் மிச்சமிருக்கும்போது தாலி ஏறியது. பிரயாணிகள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். (நானும்தான். ஆறு.)

சாயங்காலம் முதலாளி என் விசிலைத் திருப்பிக் கேட்டார். ஏழுமலை அண்ணன் பஸ் சாவியை மேஜைமேல் வைத்தார். "அப்ப இதையும் வாங்கிக்கங்க." தினமும் எங்கள் பஸ்ஸில் வரும் பூக்கார அம்மா, எங்களோடு கூடவே வந்து நின்றவர், இன்னும் ஒரு படி மேலே போனார். "அந்தத் தம்பிய அனுப்பிட்டீங்கனா நாங்க கவர்மெண்ட் பஸ்ல போய்க்கறோம்." முதலாளி விசிலை என் பக்கம் தள்ளினார்.

மறுநாளிலிருந்து நான் முதல் எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்பேன்; மீதி ஊரைப் பிரயாணிகள் கோரஸாகச் சொல்வார்கள். அது எனக்குச் சந்தோஷம் பாதி, ரோஷம் பாதி. விடிகாலையில் காலி பஸ்ஸில் என்னை நிற்க வைத்து, "கம்பியத் தட்டு. தட்டுக்கு ஒரு எழுத்து விடு. அவசரம் இல்ல" என்பார் ஏழுமலை அண்ணன். எட்டு மாதம் தட்டினேன். ஒருநாள் கீழ்பென்னாத்தூர் ஒரே மூச்சில் வந்து விழுந்தது. பஸ்ஸே கைதட்டியது. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சத்தத்தில் பயந்து, அங்கேயே இறங்கிப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, அந்தக் கல்யாண ஜோடியின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். அதே அக்கா என் கையில் மைக்கைக் கொடுத்தார். "எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுப்பா. நீ கூப்பிட்டாதான் எங்களுக்கு ராசி."

மைக்கைப் பார்த்ததும் பழைய நோய் எட்டிப் பார்த்தது. "சா... சா..." என்று நின்றேன். மொத்த மண்டபமும் "சாப்பிட வாங்க!" என்று கத்திக்கொண்டே பந்திக்கு ஓடியது. எல்லோருக்கும் முன்னால் என் இரண்டு பிள்ளைகள்.

எங்கள் வீட்டில் அன்றோடு 'சாப்பிட வாங்க' என்பது ஒழிந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி "சா!" என்பாள். தட்டோடு ஓடி வந்துவிடுவோம்.