படத்துக்கு வைத்த தட்டு மாறிய விவரம்

ஹனூரில் மஞ்சள் காடும் மாடு கன்றுமாகச் சிறந்திருக்கும் மச்சான் கரியப்பன் அவர்களின் சமூகத்துக்கு, மைசூரிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் பாலன் பணிவாக எழுதிக்கொள்வது. இங்கே மகேஸ்வரி, மகள் ஜீவிதா, என் கேமரா மூவரும் நலம். என் நலம், இதைப் படித்தபின் தங்களுக்கு வரும் கோபத்தைப் பொறுத்தது.

மச்சான், தாய்மாமன் நீங்கள் இல்லாமலே ஜீவிதாவுக்குத் தட்டு மாற்றிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஃபேக்டரியில் ஓய்வு பெற்றதிலிருந்து நான் ஸ்டில் லைஃப் கலையில் இறங்கியிருப்பது தெரியும்தானே? சாமான்களை அழகாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சம் பார்த்துப் படமெடுப்பது. கத்தரிக்காய் கண் சிமிட்டாது என்ற தைரியத்தில் இறங்கினேன். ஆனால் உங்கள் தங்கை வீட்டில் எந்தக் காயும் மத்தியானம் வரை உயிரோடு இருப்பதில்லை. போன வாரம் லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மூன்று கத்தரிக்காயும் அடுப்பில் புளி ஊற்றிய கொஜ்ஜாகிவிட்டன. "போட்டோவுக்குத் தனியா, சமையலுக்குத் தனியா வாங்க நாம என்ன அரமனையிலயா இருக்கறோம்?" என்கிறாள். கண்காட்சிக்குப் படம் அனுப்ப ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி நாள். ஆகவே யாரும் சமைக்க முடியாதபடி பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் வைத்தேன்.

அன்று காலை பத்து மணி, வெளிச்சம் வெண்ணெய் மாதிரி வழிகிறது, காலிங் பெல். ஜீவிதாவோடு ஹெப்பாள் கம்பெனியில் வேலை பார்க்கும் கவின்ராஜின் அப்பா நஞ்சுண்டசாமியும் அம்மா கமலம்மாளும். கையில் தட்டு நிறைய மாதுளம்பழம். அந்தச் சிவப்புதான் மச்சான், என் படத்தில் இல்லாமல் இருந்தது! "இதக் கொஞ்சம் பிடிங்க, வெளிச்சம் போயிரும்"னு என் தாம்பாளத்தை நஞ்சுண்டசாமி கையில் கொடுத்துவிட்டு, அவர் தட்டை வாங்கிக்கொண்டேன். கமலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக்கறதுக்கு முன்னாலயே ஒத்துக்கிட்டீங்களே சம்பந்தி!" என்றார். நான், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, நிழல் விழுது" என்றேன்.

மகேஸ்வரி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் எடுத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது. ரெண்டு வருஷமா எந்த வரன் வந்தாலும் சாக்குச் சொல்லித் தட்டிக்கழிச்சவன் நான். பொண்ணு போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிரும்ங்கற பயம், வேறென்ன. ஆனா ஹாலை எட்டிப் பார்த்தா ஜீவிதா முகத்துல அப்படியொரு சந்தோஷம். தட்டைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரல. மாமன் இல்லாத தட்டு செல்லாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் போச்சு மச்சான். கோபத்தை என் மேல் காட்டுங்கள், பிள்ளை மேல் வேண்டாம்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

மன்னிப்பை வேண்டும்,
பாலன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது ஜீவிதா இதை வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "மாமாகிட்ட எதுக்குப்பா மன்னிப்பு? 'அவரு வாயத் தொறந்து சரீன்னு சொல்ல மாட்டாருங்க, கேமராவும் கையுமா இருக்கறப்பப் போயி பளபளன்னு எதையாச்சும் தட்டுல நீட்டுங்க, வாங்கிக்குவாரு'ன்னு கவின்ராஜோட அப்பா அம்மாவ அனுப்பிச்சதே மாமாதான்!" ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கல்யாணத்தையும் நீங்களே முன்னின்று நடத்துங்கள், திருட்டு மச்சான். நான் ஒரு ஓரமாக நின்று அழுதுகொள்கிறேன்.