தும்பிக்கையாரும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும்

மூச்சு விடுவதற்கு இவ்வளவு சட்டதிட்டம் வைத்திருந்த மனிதர் கண்டி முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான். தும்பிக்கையார் என்றால்தான் எங்கள் தெருவுக்குத் தெரியும்.

நான் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, பாக்கியம் அக்கா வாடகைக்கு விட்ட அறையில் அவரோடு பங்கு கிடைத்தது. வாரநாட்களில் ஏதோ கந்தோரில் வரைபடம் போடுவார். லீவு நாட்களில் விரல் நீளத்துக்குக் குண்டசாலை ரூட் பஸ் பொம்மை செய்து, ஸ்ப்ரே கன்னால் சிவப்பு அடிப்பார்.

அடிப்பதற்கு முன் நடக்கும் ஆயத்தத்தில் ஆபரேஷன் தியேட்டர் தோற்றுவிடும். பஸ்ஸை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைப்பார். பெட்டிக்குப் பின்னால் ஆவியை இழுக்கும் காற்றாடி. அதிலிருந்து நெளிநெளியாக ஒரு குழாய் ஜன்னல் வழியே வெளியே தொங்கும். ரோட்டில் போகிறவர்களுக்கு ஒரு யானை எங்கள் அறைக்குள் மாட்டிக்கொண்டதாகத் தெரியும். பெயர் வந்தது அப்படித்தான்.

முதல் மாதம் குழாயின் வாய் உடுப்புக் கொடிக்கு நேரே இருந்தது. என் வெள்ளைச் சேர்ட்டுக்கு அம்மை போட்டது. கந்தோரில் மூன்று நாள் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

"தம்பி, வெளிய போங்க. நான் கூப்பிடாம உள்ள வரக்கூடாது" என்பார். அடித்து முடித்த பிறகும் இரண்டு மணித்தியாலம் விடமாட்டார். என்னைப் போல மூச்சிழுப்பு வருத்தக்காரனைப் பனியில் உட்காரவைப்பது என்ன நியாயம் என்று சண்டை பிடித்தேன். மறுவாரமே, தான் போடுவதைப் போல இருபக்கமும் வடிகட்டி டப்பா வைத்த ரப்பர் மாஸ்க் ஒன்றை எனக்கும் வாங்கி வந்தார். மாட்டிவிட்டு மூக்குக்கு நேரே பெருங்காய டப்பாவை நீட்டினார்.

"மணக்குதா?"

"மணக்குது."

"அப்ப எங்கயோ காத்து பூருது. தாடிதான் காரணம், மாஸ்க் ஒட்டல. எடுத்துடுங்க."

அந்தத் தாடி சும்மா வளரவில்லை. ஹந்தானைப் பக்கத்து டீச்சர் ஒருவர் என்னை வேண்டாம் என்றதில் வளர்ந்தது.

"மூக்குல லேஞ்சித் துணியக் கட்டிக்கிட்டா போதாதாண்ணே?"

"லேஞ்சி தூசியத்தான் பிடிக்கும். பெயிண்ட்ல கலக்குற தின்னர் ஆவி அதுக்கு நிக்குமா? தாடி இருந்தா நீங்க வெளியதான்."

ஒரு பௌர்ணமிப் போயா லீவு வெள்ளிக்கிழமையில் வந்தது. அவர் உள்ளே பெயிண்ட் அடிக்க, நான் வாசலில் தாடியோடு நின்றேன். திடீரென்று கரண்ட் போனது. காற்றாடி நின்றது. அறை நிறைய தின்னர் ஆவி. அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் அக்கா, வாராவாரம் அறை அறையாகக் காட்டும் சாம்பிராணியை, தணல் கனகனக்க ஏந்தி வந்தார்.

தும்பிக்கையார் மாஸ்க்கோடு பாய்ந்து வந்து, தூபக்காலைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். புஸ்ஸென்றது.

"வெள்ளிக்கிழமை சாம்பிராணியத் தண்ணியில போட்டியா! நாளைக்கே ரெண்டு பேரும் ரூமைக் காலி பண்ணுங்க!"

"நான் என்னக்கா செஞ்சேன்?"

"நீ சிரிச்சே."

அந்த வாடகைக்குக் கண்டி டவுனில் கோழிக்கூடுகூடக் கிடைக்காது. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை தும்பிக்கையார் அக்காவைக் கொல்லைக்கு அழைத்தார். தகர மூடியில் நாலு சொட்டுத் தின்னர் விட்டு, நீளக் குச்சியில் நெருப்பை நீட்டினார். குப்பென்று எரிந்தது.

"இந்த நாலு சொட்டே இப்படீன்னா, நேத்து ரூம் நிறைய இருந்துச்சுக்கா."

"முருகா!" என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். அறை பிழைத்தது.

அவர் போனதும் நான் பொருமினேன். "தன்னோட மூச்சு மேல இந்த மனுசனுக்கு என்ன ஆசைக்கா!"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீ வர்றதுக்கு முன்னால எட்டு வருசம் வெறும் மூஞ்சியோடதான் அடிச்சான். காத்தாடியும் இல்ல, மாஸ்க்கும் இல்ல. நீ வந்து இழுத்துக்கிட்டுக் கெடந்தத பாத்துட்டுத்தான், எங்கயோ விசாரிச்சு இதெல்லாம் கத்துக்கிட்டு வந்தான்."

நேரே குழாயடிக்குப் போய், டீச்சருக்காக வளர்த்ததை வழித்து எறிந்தேன். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். பெருங்காய டப்பாவைத் திறந்தார்.

"மணக்குதா தம்பி?"

"இல்லண்ணே."

குண்டசாலை பஸ் ஓடவே ஆரம்பித்துவிட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்தது. என் மூச்சை என் அம்மாவுக்குப் பிறகு அப்படிக் கவனித்தவர் அவர்தான்.