என் மூன்று மணி நேரத்தை எடுத்தது யார்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சின்னவளும் சௌக்கியம். நீங்களும் பெரியவளும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, மரியாதைகளை எல்லாம் இந்த வரியோடு முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் இது மரியாதையோடு மட்டும் எழுதி முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பாதி மீசை வெள்ளையாக வேலைக்குப் போனேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது என்று அழைப்பு. அந்தக் கட்டடத்து மேனேஜரிடம் கயிறு, கப்பி, மோட்டார் என்று கால் மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். அந்த மனுஷன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் என் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கவனம் என்று நான் பூரித்துப்போய் இன்னும் ஐந்து நிமிஷம் கூட்டிப் பேசினேன். கடைசியில், "என்ன சார், சாயம் தீர்ந்துபோச்சா?" என்றார். லிஃப்ட் கூண்டுக்குள் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தால், ஒரு பக்கத்துக்கு முப்பது வயது, இன்னொரு பக்கத்துக்கு எண்பது. அது உங்கள் அத்தையின் முகப்பவுடர். முந்தின நாள் சாயங்காலம் நானே கம்ப்யூட்டர் விசைப்பலகையில் தூவி வைத்தது. கைரேகை பிடிக்கலாம் என்று. காலையில் அதை மறந்துபோய், மணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே உட்கார்ந்து நானே தட்டி, யோசனையில் மீசையையும் நீவிவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். ஆக அன்றைக்குப் பிடிபட்ட கைரேகை என்னுடையது ஒன்றுதான்.

ஏன் கைரேகை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியவர்தான் நீங்கள். ரெண்டு மாசம் முன்னால் இங்கே வந்திருந்தபோது, மெதுவாக இருக்கிறது என்று சொல்லி எங்கள் பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, பென்குயின் படம் போட்ட அந்த லினக்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வேகமாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. மணிதான் மூன்று மணி நேரம் பின்னால் காட்டுகிறது. ஊருக்கெல்லாம் ஒன்பது என்றால் அதற்கு ஆறு.

இதன் விளைவு உங்களுக்கே தெரியும், பெரியவள் சொல்லியிருப்பாள். லிஃப்ட் பழுது பார்க்கிற எல்லோரும் லைசென்ஸைப் புதுப்பிக்க ஆன்லைன் பரீட்சை எழுத வேண்டும் என்று புதுச் சட்டம். நாற்பது கேள்வி. போனில் எழுத முடியாது, கம்ப்யூட்டரில்தான். வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குப் பரீட்சைத் தளத்தின் வாசல் திறக்கும், ஒன்பது பத்துக்கு மூடிவிடும். ரெண்டு வாரம் முன்னால் அந்த வியாழக்கிழமை நான் உங்கள் கம்ப்யூட்டரை நம்பி, ஆறு மணிதானே ஆகிறது என்று நிதானமாகச் சவரம் செய்துகொண்டிருந்ததில் வாசல் மூடிவிட்டது. அப்படித்தான் வீட்டில் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, வருகிற வியாழன். அதுவும் போனால் லைசென்ஸ் போச்சு, இனி லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது. ஆபீஸில் மேசை போட்டு, சின்னப் பையன்களுக்கெல்லாம் மோட்டார் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை. முப்பத்தொரு வருஷமாக அந்தச் சாவியை வாங்கிய கை இது.

அதனால் அன்றைக்கே கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போனேன். 'நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்' என்று ஒரு சுவிட்ச் இருந்தது. அதை அணைத்தால்தான் கையால் மாற்ற விடுகிறது. அணைத்தேன், மூன்று மணி நேரத்தைக் கூட்டி வைத்தேன், சரியாகிவிட்டது. மறுநாள் பார்த்தால் பழையபடி மூன்று மணி நேரம் பின்னால்! அணைத்த சுவிட்ச் தானாக எரிகிறது! மறுபடி அணைத்தேன். மறுபடி எரிந்தது. ஒரு லிஃப்டை ஐந்தாம் மாடியில் நிறுத்திவிட்டு வந்தால் அது யாரும் தொடாமல் ரெண்டாம் மாடிக்குப் போகாது, மாப்பிள்ளை. யாரோ பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். இது தொழில் தெரிந்தவனின் முடிவு.

முதல் சந்தேகம் உங்கள் அத்தை மேல். தப்பாக நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. "இந்த வயசுல அந்தக் குழிக்குள்ள எதுக்கு இறங்கணும்?" என்று பத்து வருஷமாகக் கேட்கிற ஆள் அவள். பரீட்சை போனால் அவளுக்கு லாபம். நேராகக் கேட்காமல், "கம்ப்யூட்டர் பக்கம் போனியா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "உங்க கடிகாரத்தைத் திருப்பறதுதான் எனக்கு வேலையா? உங்களைத் திருப்பவே எனக்கு நாள் பத்தல" என்றாள். கடிகாரம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை, கவனியுங்கள். அவளாக எடுத்தாள். குறித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மாடி வீட்டு டெய்லர். எங்கள் வைஃபைதான் அவருக்கும். அதன் வழியாக எதுவும் வரலாம். என் சட்டையைப் புதன்கிழமை தருகிறேன் என்று சொன்ன மனுஷன், இன்னும் புதன்கிழமை வரவில்லை. அப்படிப்பட்டவருக்கு ஊரிலுள்ள மணியெல்லாம் பின்னால் போனால் சந்தோஷம்தானே? மேலே ஏறிப் போய், "உங்க வீட்ல மணி சரியா ஓடுதா?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்துக் கேட்டேன். அவர் என்னைவிட ஒரு மாதிரியாகப் பார்த்து, "காலர்தான் பாக்கி அண்ணே, மணியைப் பத்தி எதுக்குப் பேசறீங்க, நேரா திட்டிடுங்க" என்றார்.

மூன்றாவது சந்தேகத்தைச் சொல்லக் கை கூசுகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன மாசம் நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டே இங்கே என் திரையில் அம்புக்குறியை நகர்த்திக் காட்டினீர்கள். "பாருங்க மாமா, நான்தான்" என்று சிரிப்பு வேறு. அப்போது நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். "வேலையை விட்டுட்டு எங்களோட வந்து இருங்க மாமா" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறவர் நீங்கள். எந்த மருமகன் மாமனாரை இத்தனை தரம் கூப்பிடுவான்? நான் என் மாமனாரைக் கூப்பிட்டதே கிடையாது. போதாததற்கு அந்த லினக்ஸ் இலவசம் என்றீர்கள், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னீர்கள். லிஃப்ட் குழியின் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காசும் கேட்காமல் போகிறவனை நாங்கள் கும்பிடுவதில்லை, பிடித்து விசாரிப்போம்.

பவுடர் தோற்றுப்போனதால் இன்று ஞாயிறு மத்தியானம் நேரடியாகவே இறங்கினேன். முடிவெட்டப் போகிறேன் என்று மூன்று அறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், வாசல் கதவைச் சாத்தினேன், வெளியே போகாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பத்து நிமிஷம். பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம். பாய்ந்தேன். சின்னவள்! விரல் அந்த சுவிட்ச் மேல்!

"பிடிச்சுட்டேன்!"

"ஐயோ அப்பா! செருப்பை ஏன் கையில வெச்சிருக்கீங்க? அடிக்கவா?"

"சத்தம் வரக்கூடாதுன்னு. அதை விடு, இப்ப என்ன பண்ணினே?"

"யாரோ தினமும் இந்த சுவிட்சை அணைச்சு வைக்கிறாங்க. நேரம் பொருந்தலைன்னு எங்க ஆஸ்பத்திரித் தளம் உள்ளயே விட மாட்டேங்குது. எனக்கு டியூட்டி அட்டவணை பார்க்கணும். அதான் தினமும் போட்டுட்டு இருக்கேன்."

"அந்த யாரோ நான்தான்டி."

"நீங்களா? நான் மாடி டெய்லர்னுல்ல நினைச்சேன்!"

அவள் என் ரத்தம் என்பதில் இனி எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை தட்டினாள். வரிசையாக வந்தது பாருங்கள்: உள்ளூர் நேரம் ஒன்று, உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம் ஒன்று, பெட்டிக்குள் இருக்கிற கடிகாரத்தின் நேரம் ஒன்று. ஒரு பெட்டி, மூன்று நேரம். இப்படி மூன்று பேச்சு பேசுகிற ஆளை நம்ம வீட்டில் சேர்ப்போமா என்று கேட்டேன். "சும்மா இருங்கப்பா, மத்ததெல்லாம் சரியா இருக்கு. இந்த நாலாவது வரியைப் பாருங்க" என்றாள். நாலாவது வரி, நேர மண்டலம்; அதாவது எந்த ஊர் மணியைக் காட்ட வேண்டும் என்பது. அதில் ஏதோ ஒரு தீவின் பெயர். அவள் போனில் தேடிக் காட்டினாள். சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு புள்ளி. மனுஷர்களைவிடப் பறவைகள் அதிகமாம். நம் கம்ப்யூட்டர் ரெண்டு மாசமாக அங்கே குடியிருக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. லினக்ஸை ஏற்றுகிற அன்றைக்கு நீங்கள் ஒரு போன் வந்து எழுந்து போகும்போது, "மாமா, மேப்ல நம்ம ஊர் மேல ஒரு கிளிக் பண்ணிட்டு அடுத்ததை அமுக்குங்க" என்றீர்கள். என் மூக்குக் கண்ணாடி அப்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. மவுஸ் மேசைவிரிப்பின் மடிப்பில் ஏறி இறங்கியது. எங்கேயோ ஒரு கிளிக் விழுந்தது, நீலமாகத்தான் தெரிந்தது, நம்ம ஊரில் இத்தனை தண்ணீரா என்று நினைத்தேன். அடுத்ததை அமுக்கிவிட்டேன். மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டால் மாமனார் மரியாதை என்ன ஆவது?

சின்னவள் சொன்னதை எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் இப்படி: கூண்டு சரியாக ஐந்தாம் மாடியில்தான் நிற்கிறது. மேலே இருக்கிற எண் பலகைதான் ரெண்டு என்று காட்டுகிறது. நான் பலகையைத் திருத்தாமல் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவள் கூண்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். அப்பாவும் மகளும் ரெண்டு வாரமாக ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம். இப்போது தீவைக் காலி செய்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தாகிவிட்டது, மணி சரி. டெய்லரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனதில் காலர் இன்றைக்கே வந்துவிட்டது. உங்கள் அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை. பவுடர் டப்பா காலியானது யாரால் என்று அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் இந்தக் கடிதத்தின் மூலமே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் பெரியவளும் கண்ணும் கருத்துமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை உங்கள் பெட்டிகளுக்குச் சரியாகச் சொல்லி வைத்து, நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா.

பின்குறிப்பு: இதை நீங்கள் மட்டும் படியுங்கள். மேலே எழுதியதில் ஒன்று நடந்த மாதிரி இல்லை. அன்றைக்கு நான் சவரம் செய்துகொண்டிருக்கவில்லை. என் கையில் வாட்ச் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வாசல் சரியாகத் திறந்தது. 'தொடங்கு' என்று பச்சையாக ஒரு பொத்தான் வந்தது. மவுஸில் கையை வைத்துக்கொண்டு அதையே பத்து நிமிஷம் பார்த்தேன். பச்சை சாம்பல் நிறமாக மாறியது. அப்புறம்தான் மூலையில் ஆறு பத்து என்று இருந்ததைப் பார்த்தேன். அதுவரைக்கும் அந்த மூலையை நான் பார்த்ததே இல்லை. அப்பாடா, சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன். இப்போது அதையும் சின்னவள் சரி பண்ணிவிட்டாள். வியாழக்கிழமை எட்டு ஐம்பதுக்கு ஒரு போன் போடுங்கள், மாப்பிள்ளை. மணி சரியாகக் காட்டுகிறதா மாமா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, நான் அந்தப் பொத்தானை அமுக்குகிற வரைக்கும் வைக்காதீர்கள். உங்கள் கல்யாணப் பேச்சின்போது உங்கள் அப்பா என்னிடம், எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பத்தாவது வரை என்றேன். அது பொய்யில்லை. கடைசிப் பரீட்சை அன்றைக்கும் மணி அடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.