போர்வையின் எடை

லிம்போவின் அப்பாவுக்கு மாலிம்போ மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் குழந்தையும் நலம், அத்தை நலம், ஆடுகளும் நலம். சுரங்கத்தில் உங்கள் தலைக்கு மேலிருக்கும் பாறையும் இருந்த இடத்திலேயே நலமாக இருக்கட்டும். விமானம் விழுந்து நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று ஊர்க்காரர் யாராவது அங்கே வந்து அழுதிருந்தால் நம்பாதீர்கள். விழ வேண்டுமென்றால் முதலில் எழும்ப வேண்டுமே! உடனே எழுதவில்லை என்று கோபிக்காதீர்கள். இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது.

போன மாதம் கிளினிக்கில் குழந்தையின் எடை ஒரேயடியாகக் குறைந்ததும், தலைநகர் மசேருவுக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டும்படி புது நர்ஸ் பொலோகெங் சொன்னதும், நான் தூக்கமில்லாமல் கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை வந்த சின்ன விமானத்தில் இடம் கிடைத்தது. துணைக்கு அந்த நர்ஸ், கூடவே ஒரு கம்பளி வியாபாரி, ஒரு ஆசிரியர். புல் ஓடுபாதையில் மேய்ந்த ஆடுகளை விரட்டிவிட்டு, கம்பளி மூட்டை நிறுக்கும் தராசில் எங்களை ஒவ்வொருவராக ஏறச் சொன்னார் பைலட். பொலோகெங் வந்த நாளிலிருந்து கிளினிக்கில் திட்டித் திட்டிப் பழக்கிவிட்டாளே, நாங்களும் போர்வை, தொப்பி, ரப்பர் பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஒழுங்காக ஏறி நின்றோம். வியாபாரி கால்சட்டையிலும் கை வைத்தார், நர்ஸே தடுத்துவிட்டாள். பைலட் எஞ்சினைப் பார்க்கப் போனதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டோம். அத்தை வேறு, வழிக்கு வறுத்த கோழி, உலர்ந்த பீச், மசேரு சொந்தக்காரருக்கு ஒரு பூசணிக்காய் என்று என் போர்வைக்குள் கட்டிவிட்டார். வேண்டாமென்றால், "வெறுங்கையோட அனுப்பினேன்னு எம்மவன் கேக்க மாட்டானா? பேசாம ஏறுடி" என்றார். மற்றவர் வீட்டுப் பெண்களும் சும்மா இருக்கவில்லை.

விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. புல் தீர்ந்துபோய் எதிரே பள்ளத்தாக்கு தெரிந்ததும் பைலட் எஞ்சினை அணைத்தார். சோளக்காட்டுக்குள் புகுந்து, மூக்கை மண்ணில் குத்தி நின்றோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. லிம்போ விழிக்கக்கூட இல்லை.

அத்தை ஓடி வந்து, "எம்பேத்திய என்னய்யா பண்ணினே?" என்று பைலட்டின் சட்டையைப் பிடித்தார்.

"நீங்க என்ன பண்ணீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல" என்று என் காலடியில் உருண்ட பூசணிக்காயைக் காட்டினார் அவர். "துணியில்லாம நின்னா ஒரு எடை, துணியோட நின்னா வேற எடை! இதுகூடவா தெரியாது?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பழைய நர்ஸம்மா குளிருக்குப் பயந்து லிம்போவைப் போர்வையோடுதானே நிறுப்பார்! போன மாதம்தான் முதல்முறையாக பொலோகெங் எல்லாவற்றையும் உரித்துவிட்டு நிறுத்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "கொழந்த எளைக்கல. போர்வைதான் எளைச்சிருக்கு."

"ரெண்டும் காலேஜ் போய்ப் படிச்சதுங்க! வெளங்கிடும்!" என்றார் அத்தை, நர்ஸையும் பைலட்டையும் பார்த்து.

கிளினிக் தராசை அங்கேயே தூக்கி வந்து, துணியில்லாமல் நிறுத்தோம். போன மாதத்தைவிட நன்றாகவே ஏறியிருக்கிறாள்! சோளக்காட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எல்லோருமாகக் கோழியைத் தின்றோம். தொடைக்கறி பைலட்டுக்கு.

மசேரு பயணம் இனித் தேவையில்லை. லிம்போவைப் பற்றிக் கவலைப்படுவதையும் இன்றோடு விட்டுவிட்டேன். உங்களுக்குச் சமாதானமும் நம் காட்டுக்கு மழையும் கிடைக்கட்டும்.

உங்கள்,
மாலிம்போ

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம். மனசு கேட்காமல் இன்று அவளைப் பழையபடி போர்வையோடும் நிறுத்துப் பார்த்தேன். ஏறியிருக்கிறாள், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருக்கிறாளோ? இவ்வளவு குண்டாவது நல்லதா என்று சுரங்க டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வேறு விமானம் வருகிறதாம். இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.