பாடகி வளர்வதற்குள் மண்டபத்தை மூடிவிட்டார்கள்

மைக்கைக் கையில் வாங்கியவன் தானாகத் திருப்பிக் கொடுத்ததாக உலகத்தில் எங்கும் வரலாறு இல்லை. என் விஷயத்தில் அதைப் பிடுங்கக்கூட முடியவில்லை. கட்டடத்தின் மின்சாரத்தையே நிறுத்த வேண்டியிருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் ஆஹென் நகரில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் இயந்திரவியல், பைத்தியம் கனடா நாட்டு இசைக்கலைஞர்கள் மேல். ஏன் கனடா என்று கேட்காதீர்கள். (அம்மா மதுரையிலிருந்து போன் போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டார்.) விடுதியில் இணையம் பறந்தது. பாட்டைக் கேட்ட நேரத்தைவிட, பாடியவர்களின் கதையைத் தேடிப் படித்த நேரம்தான் அதிகம். கோதுமை லாரி ஓட்டிக்கொண்டே பாட்டு எழுதியவர், மொன்றியலில் பகலில் தட்டுக் கழுவி இரவில் பியானோ வாசித்தவர், பனிப்புயலில் ஓட்டை வேனோடு ஊர் ஊராகப் போனவர் என்று எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கதைகளைச் சொன்னேன். பலர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார்கள். (அங்கே ஏதோ வேலை இருக்கும் என்று நம்பினேன்.)

இப்படிப்பட்டவன் ஊரில் இருக்கும்போது நிஜமாகவே ஒரு கனடியப் பாடகி வந்தால் என்ன ஆகும்?

மதுரா யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரண்டோவில் வளர்ந்தவர். சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு எழுதி கிட்டாரோடு பாடுபவர். அதற்காக வங்கி வேலையை விட்டிருந்தார். எங்கள் ஊர் ஈழத்தமிழர்களின் கலைவிழாவில் பாட அவரை அழைத்திருந்தார்கள். பக்கத்து நகரமான கொலோனில் கோடை இசை விழா நடத்தும் ஜெர்மானியர் ஒருவரும் அவர் பாடுவதைக் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் அந்த விழாவில் மேடை. பிடிக்காவிட்டால் டொரண்டோவில் மறுபடி வங்கி.

விழாவை நடத்தியவர் மளிகைக்கடை யோகண்ணை. அரிசி வாங்கப் போனவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் வடிவாக் கதைப்பீராம். பிள்ளையை நீர்தான் அறிமுகப்படுத்தோணும். ரெண்டு வசனம் காணும்."

"ஒரு கலைஞரோட வாழ்க்கைய ரெண்டு வசனத்துலயா? அநியாயம் அண்ணை!"

"எட்டு மணிக்கு மண்டபத்தை விடோணும். ஹவுஸ்மைஸ்டர் பொல்லாத ஆள். பிறகு ஒண்டும் செய்ய ஏலாது, சொல்லிப்போட்டன்."

ஹவுஸ்மைஸ்டர் என்பவர் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். ஜெர்மனியில் அந்தந்தக் கட்டடத்துக்கு அவர்தான் கடவுள். நான் நாத்திகனாக இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, குழந்தைகள் நடனம், பொன்னாடை எல்லாம் முடிந்து நான் மேடையேறியபோது ஏழு மணி. மேடை ஓரத்தில் மதுரா கிட்டாரோடு தயாராக நின்றார். முதல் வரிசையில் கொலோன்காரர்.

மதுராவைப் புரிந்துகொள்ளக் கனடிய இசையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தேன். கோதுமை லாரி புறப்பட்டது. தட்டுகள் கழுவப்பட்டன. கொலோன்காரருக்காக ஒவ்வொரு பத்தியையும் உடனுக்குடன் ஜெர்மனிலும் சொன்னேன். என் ஜெர்மன் அப்போது வாடகைக்கு வீடு தேடும் அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. அதனால் கனடாவின் மாபெரும் கலைஞர்கள் அத்தனை பேரும், குளிர்காலத்தில் சூடேற்றும் வசதியுள்ள இரண்டறை வீட்டுக்காக அலைந்தவர்களாகவே அவருக்கு அறிமுகமானார்கள்.

பின்வரிசையில் யாரோ மேசையைத் தட்டினார்கள். 'டொக், டொக்.' அப்புறம் இன்னொரு மேசை. அப்புறம் மண்டபம் முழுக்க.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பாடம் முடிந்ததும் மாணவர்கள் கை தட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். பேராசிரியருக்குச் செய்யும் மரியாதை அது. ஆக, எனக்கு அந்த மரியாதை பேச்சின் நடுவிலேயே கிடைக்கிறது! கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கரை மீனவர்களின் பிடில் இசைக்குள் இறங்கினேன்.

வடையும் ரோல்சும் துள்ளும் அளவுக்கு மேசைகள் அதிர்ந்தன. இவ்வளவு மரியாதையை எந்தப் பேராசிரியரும் பார்த்திருக்க மாட்டார்.

"தம்பி, இறங்கும்!" என்று யோகண்ணை பக்கவாட்டிலிருந்து கத்தினார். விஷயத்துக்கு இறங்கச் சொல்கிறார் என்று நினைத்து மதுராவின் பிறப்புக்கு வந்தேன். அவரை வளர்த்து, விமானம் ஏற்றி, டொரண்டோ பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் சேர்த்தபோது விளக்குகள் அணைந்தன. மைக் செத்தது. வாசலில் ஹவுஸ்மைஸ்டர், கையில் சாவிக்கொத்து.

"ஃபையராபெண்ட்" என்றார். வேலை நேரம் முடிந்தது என்று அர்த்தம். யோகண்ணை கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை. கொலோன்காரர் எழுந்து, கோட்டு மாட்டி, எல்லோருக்கும் பணிவாகக் கை கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்.

இருட்டில் மதுரா என்னிடம் வந்தார். "என்ரை செத்தவீட்டில பேசுற மாதிரியெல்லே பேசினீர்? நான் இன்னும் உயிரோடதான் நிக்கிறன்."

"அக்கா, மன்னிச்சிருங்க... நான்..."

"அதைப் பிறகு சொல்லும். இப்ப கிட்டாரைத் தூக்கும். ஓடும்."

"எங்கக்கா?"

"அந்த மனுசன் நிக்கிற இடத்துக்கு!"

ஓடினோம். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அவர் முன்னால். கிட்டார் முழங்காலில் இடிக்க நான் பின்னால். கொலோன்காரர் ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றிருந்தார். நான் நிலைமையை விளக்க வாயைத் திறந்தேன்.

"ஒரு சொல்லு கதைச்சீர் எண்டால் கிட்டாராலதான் அடிப்பன்" என்றார் மதுரா. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்.

மைக் இல்லை, அறிமுகம் இல்லை, பொன்னாடை இல்லை. வங்கியை விட்டு வந்தவரின் குரல் மட்டும். நான்கூட அன்றுதான் முதல்முறையாகக் கனடிய இசையைப் பேசாமல் கேட்டேன்.

பாட்டின் நடுவில் பஸ் வந்தது. கதவு திறந்தது. கொலோன்காரர் பஸ்ஸைப் பார்த்தார், மதுராவைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையசைத்தார். பஸ் போய்விட்டது. வந்து நின்ற பஸ்ஸை ஒரு ஜெர்மானியர் வேண்டுமென்றே விடுவதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அடுத்த கோடையில் மதுரா கொலோனில் பாடினார். என்னையும் அழைத்திருந்தார், மேடையிலிருந்து மிகத் தொலைவில் உட்கார வைத்தார்கள். டொரண்டோ வங்கி இன்றுவரை அவர் இல்லாமல்தான் நடக்கிறது.

என் கதைதான் வேறு மாதிரி ஆனது. அன்றிலிருந்து ஆஹென் தமிழர்களிடையே என் பெயர் ஒரு நேர அளவை ஆகிவிட்டது. ஒரு சரவணன் என்றால் ஒரு மணி நேரம். கோவில் பூசை அரைச் சரவணன். பல் வைத்தியரிடம் காத்திருந்தால் கால் சரவணன். யோகண்ணையின் உறவிலேயே பெண் கட்டியதால் இந்த அளவை என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஜெர்மனியில் பிறந்த என் மகளுக்கு மணிக்கணக்கு தெரிவதற்கு முன்பே சரவணக்கணக்கு தெரியும்.

இதை எழுத உட்கார்ந்தபோதுகூட மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எத்தினை சரவணன் வரும்?"

"கால்தான். சீக்கிரம் முடிச்சிருவேன்."

"அப்ப நாங்கள் சாப்பிட்டுட்டுப் படுக்கிறம்."